குல்லாயின் விலையை யார் குறிப்பது?

ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் பனிக்காலம் தொடங்கிவிட்டால் சில கடைகளில் ஒரு தினுசான சரக்கு வந்து குவிகிறது. கையால் பின்னிய கம்பளிக் குல்லாய், மப்ளர், கையுறை, காலுறை, கம்பளியைச் சோப்பு நீரில் நனைத்து உருட்டித் தட்டிச் செய்த செருப்பு, பை. ஒவ்வொன்றிலும் ஒரு சீட்டு தொங்குகிறது. ‘நேபாளத்துக் கைவினைப் பெண்கள் செய்தது, நியாய வர்த்தகச் சரக்கு’ என்று அதில் அச்சடித்திருக்கிறது. சில சீட்டுகளில் சிரித்த முகத்தோடு ஒரு பெண்ணின் படமும் உண்டு. குல்லாய் தலைக்குச் சூடு தருகிறது. சீட்டு மனசுக்குச் சூடு தருகிறது. வாங்குகிறவர் இரண்டுக்கும் சேர்த்துத்தான் பணம் கொடுக்கிறார்.

இதைப் பற்றி நாம் எழுத என்ன இருக்கிறது என்று வாசகர்கள் கேட்கலாம். நமக்குத் தெரிந்த கம்பளியெல்லாம் மார்கழி மாதத்தில் சாலையோரங்களில் திபெத்திய அகதிகள் விரித்து வைத்து விற்கும் ஸ்வெட்டர்தான். அதிலும் பெரும்பகுதி லூதியானா இயந்திரங்களில் ஓடி வந்தது. நியாயமான கேள்விதான். ஆனால் இங்கே பிரச்னை கம்பளியல்ல. தன் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, பிறர் கொடுத்த மூலப்பொருளை வைத்து, பிறர் குறித்த கூலிக்கு, பிறர் விற்பதற்காகச் சரக்கு செய்கிற பெண் யார்? அவள் தொழிலாளியா, வியாபாரியா, கலைஞரா, அல்லது யாரோ கருணை காட்டவேண்டிய ஏழையா? இந்தக் கேள்வி காத்மாண்டுவுக்கு எவ்வளவு சொந்தமோ அவ்வளவு தென்காசிக்கும் வேலூருக்கும் சொந்தம்.

நியாய வர்த்தகம் பற்றி இரண்டு அபிப்பிராயங்கள் உலவுகின்றன. நல்லெண்ணம் கொண்ட கடைக்காரர்கள், ‘இடைத்தரகரை ஒழித்துவிட்டோம், நியாயக் கூலி கொடுத்துவிட்டோம், பெண்கள் முன்னேறுகிறார்கள்’ என்கிறார்கள். நம் பக்கத்திலேயே சிலர், ‘இதெல்லாம் சுரண்டலுக்கு அடிக்கும் வெள்ளை’ என்று ஒரே வார்த்தையில் தள்ளிவிடுகிறார்கள். இரண்டாவது கூற்றைச் சொல்வது சுலபம், கைதட்டலும் கிடைக்கும். ஆனால் இரண்டுமே பின்னுகிறவளின் இடத்திலிருந்து பார்க்காத பேச்சு என்பது என் கருத்து.

இந்த ஏற்பாடு எப்படி வந்தது என்பதைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். 1946-ல் அமெரிக்கப் பெண்மணி எட்னா ரூத் பைலர் போர்ட்டோ ரிக்கோ தீவுக்குப் போனார். அங்கே ஏழைப் பெண்கள் செய்த எம்பிராய்டரித் துணிகளை வாங்கி வந்து தம் ஊரில் காரில் வைத்து விற்றார். 1960-களில் இங்கிலாந்தின் ஆக்ஸ்பாம் ஸ்தாபனமும் ஏழை நாடுகளின் கைவினைப் பொருள்களைத் தன் கடைகளில் விற்கத் தொடங்கியது. ‘உதவி வேண்டாம், வர்த்தகம் வேண்டும்’ என்ற கோஷம் 1968-ல் புதுடில்லியில் கூடிய ஐ.நா. வர்த்தக வளர்ச்சி மாநாட்டை ஒட்டிப் பரவியது. 1989-ல் இந்தக் கடைகளும் உற்பத்தியாளர் குழுக்களும் சேர்ந்து சர்வதேச அமைப்பு ஒன்றைக் கண்டன. அதுவே இன்று உலக நியாய வர்த்தக அமைப்பு என்ற பெயரில் இயங்குகிறது. பத்துக் கோட்பாடுகளை வகுத்து வைத்திருக்கிறது.

அந்தக் கோட்பாடுகளைக் கேலி செய்ய நான் தயாராக இல்லை. கைவினைச் சரக்குக்கு உற்பத்தியாளர் கேட்டால் பாதிப் பணத்தை முன்கூட்டியே, வட்டியில்லாமல் கொடுக்கவேண்டும் என்று ஒரு விதி இருக்கிறது. கந்துவட்டிக்கு வாங்கிக் கச்சாப் பொருள் சேர்த்தவர்களுக்கு இந்த விதியின் அருமை தெரியும். ஆணுக்கும் பெண்ணுக்கும் சம வேலைக்குச் சமக் கூலி, சங்கம் சேரும் உரிமை ஆகியவையும் எழுத்தில் இருக்கின்றன. எழுத்தில் இருப்பது நமக்கு லாபமே. நாளைக்கு எடுத்துக் காட்டிக் கேட்கலாம்.

நேபாளத்தில் இந்த வழியில் நல்ல காரியங்களும் நடந்திருக்கின்றன. பாட்டன் நகரில் கும்பேஸ்வரர் கோயிலை ஒட்டிய வட்டாரத்தில், தலைமுறை தலைமுறையாகத் தெருக்கூட்டும் வேலையில் தள்ளப்பட்டிருந்த மக்களுக்காக 1983-ல் கும்பேஸ்வர் தொழில்நுட்பப் பள்ளி தொடங்கப்பட்டது. கையால் பின்னும் ஸ்வெட்டரும் கம்பளமும் அங்கே உற்பத்தியாகின்றன. அந்த வருமானத்தைக் கொண்டு குழந்தைகளுக்குப் பள்ளிக்கூடம் நடத்துகிறார்கள். அடுத்த ஆண்டு, 1984-ல், காத்மாண்டுவில் கைவினை உற்பத்தியாளர் சங்கம் என்ற ஸ்தாபனம் பெண்களை முன்னிறுத்தித் தொடங்கப்பட்டது. துடைப்பத்தைத் தவிர வேறொன்றும் உன் கைக்கு இல்லை என்று சாதி சொல்லிவைத்திருந்த ஒரு பெண்ணின் கையில் பின்னல் ஊசி வந்தது சாதாரண விஷயமல்ல. இதை வெள்ளையடிப்பு என்று சொல்பவர், நல்ல வேளையாக, அந்தத் தெருவில் பிறக்காதவர்.

சரி. இனிக் கூலிக்கு வருவோம்.

குல்லாய் பின்னும் கம்பளியில் கணிசமான பங்கு நியூசிலாந்திலிருந்து கப்பலேறி வருகிறது. சாயம் ஏற்றிய நூல் சிட்டம் சிட்டமாக நிறை போட்டுப் பெண்களிடம் கொடுக்கப்படுகிறது. அவள் அதை வீட்டுக்குச் சுமந்து போகிறாள். சிட்டத்தைப் பிரித்து உருண்டையாகச் சுற்றுகிறாள். மாதிரியைப் பார்த்துக் கண்ணி எண்ணிப் பின்னுகிறாள். உள்ளே துணி வைத்துத் தைக்க வேண்டுமானால் தைக்கிறாள். திரும்பவும் சுமந்து வந்து வரிசையில் நிற்கிறாள். மறுபடி நிறை, அளவுகோல், கண்ணி தப்பியிருந்தால் பிரித்துப் பின்ன வேண்டும். சரியாக இருந்தால் ஓர் உருப்படிக்கு இத்தனை என்று கூலி.

இதிலே கூலி எதற்கு? பின்னியதற்கு மட்டும். நூல் சுற்றிய நேரம், நடந்த நேரம், காத்து நின்ற நேரம், பிரித்துப் பின்னிய நேரம், வீட்டிலே எரித்த விளக்கு, இவற்றுக்கெல்லாம் கணக்கில் இடமே கிடையாது. குழந்தை அழுதால் எழுந்து போய்விட்டு வரும் நேரத்தையும், அடுப்பு வேலையையும் நடுவில் செருகிக்கொள்வதால், தான் ஒரு குல்லாய்க்கு எத்தனை மணி உழைத்தோம் என்பது அவளுக்கே தெரியாது. பீஸ் ரேட்டின் சூட்சுமமே இதுதான். ஆலைத் தொழிலாளிக்குச் சங்கு ஊதுகிறது. எட்டு மணி என்று ஒரு எல்லை இருக்கிறது. வீட்டுத் தொழிலாளிக்குச் சங்கும் இல்லை, எல்லையும் இல்லை. ‘வீட்டிலிருந்தபடியே சௌகரியமாகச் சம்பாதிக்கலாம்’ என்று சீட்டில் எழுதுகிறார்கள். யாருடைய சௌகரியம்? கொட்டகை வாடகை மிச்சம், மின்சாரம் மிச்சம், மேஸ்திரி மிச்சம்.

ஒரு விஷயத்தைப் பொதுவாக யாரும் கவனிப்பதில்லை. நியாய வர்த்தக முத்திரை பெற்ற காப்பிக் கொட்டைக்கு ஒரு தரைவிலை இருக்கிறது. சந்தை எவ்வளவு சரிந்தாலும் அதற்குக் கீழே வாங்கக்கூடாது. ஒரு பவுண்டு எடைக்கு 1.40 டாலர் என்று இருந்த அந்த விலை 2023 ஆகஸ்டில் 1.80 டாலராக உயர்ந்தது. போதுமா போதாதா என்பது வேறு. ஊரறிய ஒரு எண் இருக்கிறது. அதை வைத்து விவசாயி சண்டை போடலாம். குல்லாய்க்கு அப்படி எண் எதுவும் கிடையாது. ஒவ்வொரு மாதிரியும் வேறு, ஒவ்வொரு நாட்டிலும் செலவு வேறு, ஆகவே பொது விலை குறிக்க முடியாது என்கிறார்கள். அதுவும் உண்மைதான். அதனால் ‘பேசி ஒத்துக்கொண்ட விலையே நியாய விலை’ என்று வைத்திருக்கிறார்கள். பேசினது யார் யார்? கோபன்ஹேகனிலோ லண்டனிலோ உள்ள கடையும் காத்மாண்டுவில் உள்ள ஸ்தாபனமும். பின்னினவள் பெரும்பாலும் அந்த மேஜைக்கு வரவில்லை. ஸ்தாபனம் நல்லவர்கள் கையில் இருந்தால் அவளுக்கு நல்ல கூலி. நாளைக்கு நிர்வாகம் மாறினால்?

நல்லவர்களை நம்பிக் கூலியை விட்டுவைத்தால் என்ன ஆகும் என்பதற்கு இதே கம்பளித் தொழிலில் ஒரு பழைய சரித்திரம் இருக்கிறது. அது ஏழை நாட்டில் நடந்ததல்ல. உலகத்துக்கே எஜமானாக இருந்த பிரிட்டனில் நடந்தது.

தேயிலையில் கூலி

ஸ்காட்லாந்துக்கு வடக்கே கடலுக்குள் ஷெட்லண்டு என்ற தீவுக்கூட்டம் இருக்கிறது. மரம் வளராத காற்று; மேய்வதற்குச் சின்னச் சின்ன ஆடுகள். அந்த ஆடுகளின் மயிர் மிக மெல்லியது. ஆண்கள் மீன்பிடிக்கக் கடலுக்குப் போவார்கள். நிலப்பிரபுவுக்கும் வியாபாரிக்கும் கட்டுப்பட்ட மீன்பிடிப்பு. நிலம், வீடு, பிள்ளை எல்லாம் பெண்கள் தலையில். அதற்கு மேல் பின்னல். இடுப்பில் குதிரைமயிர் திணித்த தோல்பட்டை ஒன்றைக் கட்டிக்கொண்டு, அதன் துளையில் ஊசியின் ஒரு முனையைச் செருகிக்கொள்வார்கள். அடுப்பெரிக்கும் கரிமண் கட்டிகள் நிறைந்த கூடை முதுகில் இருக்கும், கைகள் பின்னிக்கொண்டே இருக்கும், கால்கள் நடந்துகொண்டிருக்கும். இந்தப் படத்தை அந்நாளில் தபால் அட்டையில் அச்சிட்டு உல்லாசப் பயணிகளுக்கு விற்றார்கள். கைக்கும் ஓய்வில்லை, காலுக்கும் ஓய்வில்லை என்ற நிலைமை பார்க்கிறவனுக்கு அழகாகத் தோன்றியிருக்கிறது.

அவர்கள் பின்னிய சல்லாத் துணி போன்ற சால்வையை ஒரு கல்யாண மோதிரத்துக்குள்ளே நுழைத்து இழுத்துவிடலாம். 1837-ல் ஷெட்லண்டுக் காலுறைகள் விக்டோரியா ராணிக்கு அன்பளிப்பாகப் போயின. 1851-ல் லண்டனில் நடந்த மாபெரும் பொருட்காட்சியில் சால்வைகள் வைக்கப்பட்டன. சீமாட்டிகள் வியந்தார்கள், பத்திரிகைகள் புகழ்ந்தன. புகழுக்கு ஒரு குறைவும் இல்லை.

கூலி? காசாகக் கிடையாது. பின்னியதை லெர்விக் நகரக் கடைக்குக் கொண்டுபோனால், அதன் மதிப்புக்குக் கடைக்காரர் தேயிலை கொடுப்பார். பருத்தித் துணி கொடுப்பார். மிச்சத்துக்கு ஒரு துண்டுச் சீட்டு எழுதித் தருவார். அதையும் அதே கடையில்தான் சரக்காக மாற்ற வேண்டும். மாவும் உருளைக்கிழங்கும் பல கடைகளில் பின்னலுக்குக் கொடுக்கமாட்டார்கள், லாபம் குறைவு என்று. ஆகவே வயிற்றுக்கு வேண்டியவள் அந்தத் தேயிலையை எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போய், ‘இதை வாங்கிக்கொண்டு கொஞ்சம் மாவு கொடுங்கள்’ என்று அலைய வேண்டும். கூலியை ஒரு தரம் உழைத்துச் சம்பாதித்து, இன்னொரு தரம் அலைந்து சம்பாதித்தார்கள்.

இந்த முறையை விசாரிக்க வில்லியம் கத்ரி என்ற வக்கீலைச் சர்க்கார் கமிஷனராக அனுப்பியது. 1872 ஜனவரியில் அவர் லெர்விக்கில் உட்கார்ந்து சாட்சியம் வாங்கினார். பின்னல்காரப் பெண்கள் வந்து சொன்ன சாட்சியம் அச்சாகியிருக்கிறது. காசு கேட்டதுண்டா என்றால், கேட்டு வழக்கமில்லை, கேட்டால் கிடைக்காது என்று தெரியும் என்ற பொருளில் ஒருவர் பின் ஒருவராகச் சொன்னார்கள். இந்த விசாரணையில் வந்த ஒரு விவரம் மறக்கக்கூடியதல்ல. அந்தப் பெண்கள் தங்கள் நிலைமைக்கு மீறி ஆடம்பரமாக உடுத்துகிறார்கள் என்று சில கனவான்கள் குறை சொன்னார்கள். கூலியைத் துணியாகக் கொடுத்தால் அவள் எதை உடுத்துவாள்? வயிறு காய்ந்திருக்க, மேனியில் புதுத் துணி!

வியாபாரிகளின் வாதத்தைக் கவனியுங்கள். ‘இவர்கள் எங்கள் தொழிலாளிகள் அல்லர். தங்கள் சரக்கை எங்களிடம் விற்கிறார்கள், நாங்கள் வாங்குகிறோம். இது வியாபாரம், கூலி அல்ல. ஆகவே கூலியைக் காசாகக் கொடுக்க வேண்டும் என்ற சட்டம் எங்களைக் கட்டுப்படுத்தாது.’ கூலியைச் சரக்காகக் கொடுப்பதைத் தடை செய்து 1831-லேயே பிரிட்டனில் சட்டம் வந்திருந்தது. வீட்டில் பின்னிய பெண், வார்த்தை ஜாலத்தால், அந்தச் சட்டத்துக்கு வெளியே நின்றாள்.

1887-ல் அந்தச் சட்டத்தைத் திருத்தினார்கள். ஒருவர் தம் வீட்டிலே, குடும்பத்தாரைத் தவிர வேறு ஆள் வைக்காமல், கம்பளியிலோ நூலிலோ பின்னிச் செய்த சிறு மதிப்புள்ள சரக்கை ஒரு வியாபாரி தொழில்முறையில் வாங்கினால், செய்தவர் தொழிலாளி என்றும், வாங்கியவர் முதலாளி என்றும் கருதி அந்தச் சட்டம் பொருந்தும் என்று எழுதினார்கள். இந்த ஒரு வாக்கியத்தை இன்றைக்குக் குல்லாய் விற்கிற ஒவ்வொரு கடையின் சுவரிலும் எழுதி மாட்டலாம். வாங்குகிறவன் வாங்குகிறவன் மட்டுமல்ல. சட்டத்தின் கண்ணில் அவன் முதலாளி.

சட்டம் வந்த மறுநாளே தேயிலைக் கூலி ஒழிந்துவிடவில்லை. தீவிலே வேறு வேலை இல்லாதவரை, வழக்குப் போட யாருக்குத் துணிவு வரும்? இருபதாம் நூற்றாண்டிலும் அந்தப் பழக்கம் நீடித்தது. இரண்டாம் உலக யுத்தத்தில் படைவீரர்கள் தீவில் வந்து இறங்கி, வீட்டு வாசலிலேயே காசு கொடுத்து வாங்கத் தொடங்கியபோதுதான் கடைக்காரரின் பிடி விட்டது. பிற்பாடு 1970-களில் வடகடலில் எண்ணெய் வந்தது. சலம் வோ என்ற இடத்தில் பிரமாண்டமான எண்ணெய்த் துறைமுகம் எழுந்தது. மாதச் சம்பளத்துக்கு வேலை கிடைத்ததும் பெண்கள் பலர் ஊசியை வைத்துவிட்டுப் போனார்கள். ‘பாரம்பரியம் அழிகிறதே’ என்று வெளியூர்க்காரர்கள் அங்கலாய்த்தார்கள். போனவர்கள் அங்கலாய்க்கவில்லை.

ராணி போர்த்தியதாலும் பொருட்காட்சியில் மெச்சியதாலும் ஒரு பென்னி கூடவில்லை. வாங்குகிறவனுக்கு முதலாளி என்ற பெயரைச் சட்டம் வைத்ததாலும், கடையை விட்டால் வேறு வழி உண்டு என்ற நிலை பிறந்ததாலும் கூடியது.

பத்து நூலுக்கு ஒரு ரூபாய்

பழங்கதை இருக்கட்டும், நம் நாட்டில் என்ன நடக்கிறது என்று கேட்டால், காஷ்மீருக்குப் போகலாம். உலகத்தில் மிகவும் விலையுயர்ந்த கம்பளிகளில் ஒன்று பஷ்மினா. லடாக்கில் சாங்பா மேய்ப்பர்கள் வளர்க்கும் ஆடுகளின் உள்மயிரைக் கோடை தொடங்கும்போது சீப்பால் வாரி எடுக்கிறார்கள். அது ஸ்ரீநகருக்கு வந்து பெண்கள் கையில் சேர்கிறது. அவர்கள் அதைச் சிக்கெடுத்து, அரிசிமாவில் பிசறிச் சுத்தம் செய்து, ‘யிந்தர்’ என்னும் ராட்டையில் நூற்கிறார்கள். நெய்வது பெரும்பாலும் ஆண்கள். நெய்தவன் பெயராவது சில சமயம் வெளியே தெரியும். நூற்றவள் பெயர் யாருக்கும் தெரியாது. இத்தனைக்கும் அவள் இழுத்த இழையின் மென்மைதான் சால்வையின் விலை.

அந்த நூலுக்குக் கணக்கு எப்படி? எட்டு அங்குல நீளமுள்ள பத்து நூல் சேர்ந்தது ஒரு முடிச்சு. முடிச்சு ஒன்றுக்கு ஒரு ரூபாய் என்பதே நெடுங்காலம் நடப்பில் இருந்த கூலி. சால்வை பல்லாயிரக்கணக்கான ரூபாய்க்கு விலை போகும்போதும் இதே ஒரு ரூபாய். காஷ்மீர் பஷ்மினா என்ற பெயருக்கு 2008-ல் புவிசார் குறியீடும் கிடைத்தது. பெயருக்குப் பாதுகாப்பு வந்துவிட்டது. பெயரை உண்டாக்கிய விரலுக்கு வரவில்லை. இதற்கிடையே இயந்திரத்தில் நூற்ற நூல் வந்து ராட்டையை ஓரங்கட்டியது. நூற்கிற பெண்கள் தங்கள் மகள்களுக்கு இந்த வேலையைக் கற்றுக்கொடுப்பதை நிறுத்துகிறார்கள். ஒரு ரூபாய்க்கு எந்தத் தாய் தன் மகளின் கண்ணைப் பாழாக்குவாள்?

அதே ஸ்ரீநகரில் 1865 ஏப்ரல் 29-ல் சால்வை நெசவாளர்கள் வரிக்கொடுமையை எதிர்த்துத் தெருவில் இறங்கினார்கள் என்பதை இங்கே சொல்லாமல் போக மனமில்லை. டோக்ரா மன்னரின் படை அவர்களை விரட்டியடித்தது. பலர் நீரில் மூழ்கி மாண்டார்கள். மே தினத்தைத் தந்த சிகாகோ சம்பவத்துக்கு 21 ஆண்டுகள் முந்தியது இது. நெசவாளர்கள் ஒரே கொட்டகையில் பலராக உட்கார்ந்து நெய்தவர்கள், ஒன்றுகூட முடிந்தது. நூற்ற பெண்கள் வீட்டுக்கு ஒருத்தியாகப் பிரிந்து கிடந்தார்கள். அன்றும் கிடந்தார்கள், இன்றும் கிடக்கிறார்கள்.

வீட்டுக்கு ஒருத்தியாகப் பிரிந்து கிடப்பவர்களைச் சேர்க்க முடியாது என்று சொல்பவர்களுக்குத் தமிழ்நாட்டிலேயே பதில் இருக்கிறது. அதற்குக் கம்பளியை விட்டுப் பீடிக்கு வரவேண்டும்.

நெல்லைச் சீமையிலும் வேலூர் வட்டாரத்திலும் வாசலில் சுளகை மடியில் வைத்துக்கொண்டு பீடி சுற்றும் சகோதரிகளை வாசகர்கள் பார்த்திருப்பார்கள். இலையும் தூளும் நிறை போட்டு வாங்கி வந்து, சுற்றி, கட்டுக் கட்டிக் கொண்டுபோய்க் கொடுத்து, கழித்தது போக மிச்சத்துக்குக் கூலி. குல்லாய்க்கும் இதற்கும் அச்சு அசல் ஒரே முறை. இவர்களையும் ‘தொழிலாளிகள் அல்லர், இலை வாங்கிப் பீடி விற்கிறவர்கள்’ என்று கம்பெனிகள் சாதித்தன. லெர்விக் கடைக்காரன் சொன்ன அதே வாக்கியம்! சங்கங்கள் பல்லாண்டு போராடின. 1966-ல் வந்த பீடி, சுருட்டுத் தொழிலாளர் சட்டம், முதலாளியிடமோ காண்டிராக்டரிடமோ மூலப்பொருள் வாங்கி வீட்டில் சுற்றுபவரும் தொழிலாளியே என்று எழுதியது. கம்பெனிகள் சுப்ரீம் கோர்ட்டுக்குப் போயின, 1974-ல் தோற்றன. சேமநல நிதி வீட்டில் சுற்றுபவருக்குப் பொருந்தாது என்று மறுபடி போயின. 1985-ல் மறுபடி தோற்றன.

இதனால் பீடித் தொழிலாளியின் வாழ்வு மலர்ந்துவிட்டது என்று சொல்ல நான் வரவில்லை. பாஸ்புக் ஒருத்தி பெயரில், சுற்றுவது மூன்று பேர் என்ற மோசடி எனக்குத் தெரியாததல்ல. 1966-ஆம் ஆண்டுச் சட்டத்தையும் 2020-ல் இயற்றிய தொகுப்புச் சட்டம் தனக்குள் விழுங்கிவிட்டது. என்றாலும் ஒரு வித்தியாசத்தைப் பாருங்கள். பீடிக்குச் சீட்டுத் தொங்குவதில்லை. சிரித்த முகப் படம் இல்லை. வெளிநாட்டுச் சீமான் யாரும் அதை வாங்கி மனம் நெகிழ்வதில்லை. ஆனால் அவளுக்கு ஓர் அடையாள அட்டை இருக்கிறது, கணக்கில் ஒரு பெயர் இருக்கிறது, கூலி குறைந்தால் போய் நிற்க ஒரு சங்க ஆபீஸ் இருக்கிறது. கைவினைஞர் என்று மாலை போட்டு உட்கார வைக்கப்பட்ட பின்னல்காரிக்கு இந்த மூன்றும் பெரும்பாலும் இல்லை. கலைஞர் என்று கூப்பிடுவதில் மரியாதை இருக்கிறதுதான். ஆனால் கலைஞருக்குக் குறைந்தபட்சக் கூலிச் சட்டம் கிடையாது என்பதையும் கூப்பிடுகிறவர்கள் அறிவார்கள்.

வேறு மாதிரியாகவும் நடத்திக் காட்டியிருக்கிறார்கள். தென் அமெரிக்காவில் உருகுவே நாட்டில் 1968-ல் ‘மானோஸ் டெல் உருகுவே’ என்ற ஸ்தாபனம் தொடங்கியது. மானோஸ் என்றால் கைகள். சிற்றூர்களில் கம்பளி நூற்று, நெய்து, பின்னும் பெண்களின் கூட்டுறவுச் சங்கங்களே சேர்ந்து அதன் சொந்தக்காரர்கள். அதுவும் நியாய வர்த்தக அமைப்பில் உறுப்புத்தான். விலை பேசும் மேஜையில் பின்னுகிறவள் உட்காருவதற்கும் வாசலில் வரிசையில் நிற்பதற்கும் உள்ள தூரம் அங்கே குறைந்தது. நியாய வர்த்தகத்தை ஒட்டுமொத்தமாக நிராகரிக்கிறவர்கள் இதற்கு என்ன சொல்வார்கள்?

1996 ஜூனில் ஜெனீவாவில் கூடிய சர்வதேசத் தொழிலாளர் மாநாடு வீட்டு வேலை பற்றி 177-ஆம் உடன்படிக்கையை நிறைவேற்றியது. வீட்டிலிருந்து கூலிக்குச் சரக்கு செய்பவரை மற்றத் தொழிலாளிக்குச் சமமாக நடத்தவேண்டும். சங்கம் சேரும் உரிமை, கூலி, பிரசவகாலப் பாதுகாப்பு எல்லாம் அவருக்கும் உண்டு என்கிறது அது. அதற்காக உலகமெங்கும் பேசியவர்களில் முன்வரிசையில் நின்றவர்கள் நம் நாட்டுப் பெண்கள்: ஆமதாபாத்தில் 1972-ல் தோன்றிய சேவா சங்கத்தினர். பின்லாந்து ஏற்றுக்கொண்டது, அயர்லாந்து ஏற்றுக்கொண்டது. கேட்டுப் போராடியவர்களின் நாடான இந்தியா இன்றுவரை ஏற்கவில்லை. நேபாளமும் ஏற்கவில்லை.

ஆகவே நியாய வர்த்தகக் கடைக்காரர்களிடம் நாம் கேட்க வேண்டியது, சீட்டில் பின்னுகிறவளின் படத்துக்குப் பதிலாக அவளுடைய கணக்கு. நூல் கொடுத்த நிறை என்ன, உருப்படிக்குக் கூலி என்ன, அந்தக் கூலியை யார் யார் உட்கார்ந்து குறித்தார்கள், ஓர் உருப்படிக்கு எத்தனை மணி நேரம் என்று யார் கடிகாரம் வைத்துப் பார்த்தார்கள், கழித்துப் போட்டது எத்தனை, அந்த நஷ்டம் யார் தலையில் விழுந்தது, கடையில் விற்ற விலை என்ன? இதெல்லாம் ஒரு சின்னப் பாஸ்புக்கில் அடங்கும். அவளுக்குத் தெரிந்த மொழியில் எழுதி அவள் கையிலேயே கொடுக்கட்டும். படிக்கத் தெரியாவிட்டால் சங்கத்துக்கு எடுத்து வரட்டும். படித்துச் சொல்ல ஆள் இருக்கிறது.